பழைய றலியா, புது டிஸ்க் பிறேக்கா? கொழும்பில் ஓட எந்தச் சைக்கிள்

கொழும்பில் சைக்கிள் எடுக்க யோசிக்கிறவர்கள் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். ஊரிலிருந்து வந்து வீட்டுப் பின்பக்கத்தில் சாத்திக் கிடக்கும் அப்பாவின் பழைய றலிச் சைக்கிளைத் திருத்தி ஓடலாமா? இல்லை, காசைப் பார்க்காமல் டிஸ்க் பிறேக்கும் பன்னிரண்டு கியரும் உள்ள புதியதை எடுத்துவிடலாமா? 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்தவர்கள் இதைக் கேட்டார்கள். இப்போது காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்குள் வேர்த்துக் கொட்டுகிறவர்களும், டொக்டர் எடையைக் குறைக்கச் சொன்னவர்களும் கேட்கிறார்கள்.

என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். புதியதெல்லாம் மேல் என்பது விற்கிறவரின் கதை. பழையதுதான் உறுதி என்பது ஓடாமல் சாத்தி வைத்திருப்பவரின் கதை. மழையும் இருட்டும் வந்து தொடுகிற இடங்களில், அதாவது பிறேக், றிம், டயர், லைற் ஆகியவற்றில், புதியது சந்தேகமே இல்லாமல் முன்னுக்கு நிற்கிறது. மற்ற இடங்களில் புறக்கோட்டை டாம் வீதிச் சைக்கிள் கடைகளில் சாமான் கிடைக்குமா, அதைப் பூட்டத் தெரிந்த பாஸ், அதாவது சைக்கிள் திருத்துகிறவர், இருக்கிறாரா என்பதுதான் கணக்கு.

ஒப்பிட மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 28 அங்குலச் சில்லும் இரும்பு பிறேமும் கேபிளுக்குப் பதில் கம்பியால் இழுபடும் பிறேக்கும் உள்ள பெரிய சைக்கிள்: றலி, ஹம்பர், இல்லாவிட்டால் அதே அச்சில் வந்த வேறொன்று. இரண்டாவது, தொண்ணூறுகளின் பாணியில் 26 அங்குலச் சில்லு, றிம்மை இரு பக்கமும் கட்டையால் அமத்தும் வி-பிறேக், பின்னால் செயின் ஏறும் பல்வட்டு ஏழோ எட்டோ உள்ளது. மூன்றாவது, எண்ணெய் அழுத்தத்தால் சில்லின் நடுவிலுள்ள தகட்டைப் பிடிக்கும் ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக், முன்னால் ஒரே ஒரு பல்வட்டு, பின்னால் பதினொன்றோ பன்னிரண்டோ, டியூப் இல்லாத டயர் என்று வருகிற இன்றைய வண்டி. பலர் முதலாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நடுவில் நிற்பதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

பிறேக்கிலிருந்து தொடங்குவோம், உயிரோடு சம்பந்தப்பட்டது அதுதான். பெரிய சைக்கிளின் றிம், குரோம் பூசிய இரும்பு. காய்ந்திருக்கும் வரைக்கும் பரவாயில்லை. நனைந்துவிட்டால் றப்பர் கட்டை அதில் வழுக்கும். பிடியை முழுதாக இழுத்துப் பிடித்தாலும் வண்டி தன் பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். வண்டி பழசாகிப் போனதால் வந்த குறை இல்லை இது. கடையிலிருந்து இறக்கிய அன்றைக்கும் அப்படித்தான். மழைக்குப் பேர்போன இங்கிலாந்தில் இந்தத் தொல்லைக்காகவே தோல் பதித்த பிறேக் கட்டைகள் விற்றார்கள். ஒக்டோபர், நவம்பரில் இங்கே பின்னேரம் இடியோடு கொட்டும் மழையை நினைத்துப் பாருங்கள். பம்பலப்பிட்டியில் உங்களுக்கு முன்னால் போகிற முச்சக்கர வண்டி ஆளேற்றுவதற்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஓரம் கட்டும். அந்த நேரத்தில் “அந்தக் காலத்து இரும்பு” என்ற பெருமை ஒரு அடி தூரத்தையும் குறைத்துத் தராது.

இதை மாற்றியது டிஸ்க் இல்லை, அலுமினிய றிம். நனைந்த அலுமினியத்தில் நல்ல றப்பர் கட்டை முதலில் தண்ணீரை வழித்தெடுக்கும்; அதற்குப் பிறகு பிடிக்கும். அந்தச் சின்னத் தாமதம் இருந்தாலும் குரோம் றிம்மோடு ஒப்பிடவே முடியாது. 1996 அளவில் ஜப்பானின் ஷிமானோ கம்பனியின் வி-பிறேக் வந்த பிறகு நீளமான கைகள் கட்டையை இன்னும் பலமாக அமத்தின. ஹைட்ரோலிக் டிஸ்க் அந்தத் தாமதத்தையும் எடுத்துவிட்டது. தகடு சில்லின் நடுவில் இருப்பதால் தெருத் தண்ணீரும் மண்ணும் றிம்மில் படிவதைப்போல அதில் படிவதில்லை. றிம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் பிறேக்குக்கு ஒன்றும் ஆகாது. ஒரு விரலால் இழுத்தால் போதும். பந்தயச் சைக்கிள் உலகம் இதை லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. பெரிய வீதிப் பந்தயங்களில் முழு அனுமதி கிடைக்க 2018 ஆகிவிட்டது. மழையில் நிறுத்துகிற விஷயத்தில் மூன்றாவது வண்டிதான் முன்னுக்கு நிற்கிறது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் விலை குறைந்த புது வண்டிகளில் “டிஸ்க்” என்று மாட்டி வருவது பெரும்பாலும் கேபிளால் இழுபடும் ஒரு மெல்லிய சாமான். தகடு லேசில் நெளியும், கட்டை ஒரு பக்கம்தான் அசையும், கிழமைக்கு ஒருமுறை திருகிச் சரிபார்க்க வேண்டிவரும். அதைவிட ஒழுங்கான வி-பிறேக் எவ்வளவோ மேல். ஹைட்ரோலிக் எடுத்தால் எந்த எண்ணெய் என்று கேளுங்கள். சிலவற்றில் கார் பிறேக்குக்கு ஊற்றும் டொட் வகை எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இடைக்கிடை மாற்ற வேண்டும். ஷிமானோ பயன்படுத்துவது மினரல் ஒயில். அது ஈரத்தை உறிஞ்சாது. கொழும்பின் ஈரக் காற்றுக்கு மினரல் ஒயில்தான் தொல்லை குறைவு. இன்னொன்று: நம்முடைய பாஸ்மார் செயினுக்குத் தாராளமாக எண்ணெய் அடிப்பார்கள். பழைய சைக்கிளில் அது நல்லதுதான். டிஸ்க் வண்டியில் அந்த எண்ணெயில் ஒரு துளி தகட்டில் பட்டால் போதும், கட்டை எண்ணெயைக் குடித்துவிடும். பிறகு பிடிக்காது, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தும், கட்டையை மாற்றத்தான் வேண்டும். விட்டுவிட்டு வராமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

கியர் விஷயத்தில் எனக்குப் புதியதன் மேல் அவ்வளவு மரியாதை இல்லை. கொழும்பு தட்டையான ஊர். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரைக்கும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு வட்டு வண்டியின் பெரிய வட்டில் 50, 51 பல்லு இருக்கும். அது மலையேறுகிறவனுக்காகச் செய்தது. இங்கே அந்த வட்டில் செயின் ஏறாமலே வண்டி கிழடாகிவிடும். மூன்று கியருக்குள் நம்முடைய வேலை முடிந்துவிடுகிறது. அந்த மூன்றையும் இங்கிலாந்தின் ஸ்ரேமி-ஆர்ச்சர் கம்பனி 1936 இலேயே பின்சில்லின் நடுவிலுள்ள ஹப்புக்குள் ஒளித்துக் கொடுத்துவிட்டது: நடுக் கியர் நேராக, கீழ்க் கியர் நாலில் ஒரு பங்கு இலகுவாக, மேல் கியர் மூன்றில் ஒரு பங்கு வேகமாக. மண்ணும் மழையும் உள்ளே போகாது. அதைவிட, சிக்னலில் காலை ஊன்றி நிற்கும்போதே கியரை இறக்கலாம். வெளியே தொங்கும் கியர் எதிலும் அது முடியாது, எத்தனை வட்டு இருந்தாலும். பன்னிரண்டு வட்டுக்காரர் சிவப்பு விளக்கில் கனத்த கியரில் மாட்டிக்கொண்டு பச்சை விழுந்ததும் எழும்பி நின்று உழக்குவதைக் கொள்ளுப்பிட்டியில் எந்தக் காலையிலும் பார்க்கலாம்.

செயினின் கணுவுக்குக் கணு இடைவெளி நூறு வருசத்துக்கும் மேலாக அதே அரை அங்குலம்தான். மாறியது அகலம். ஏழு, எட்டு வட்டுக்கான செயின் வெளிப்பக்கம் 7 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட, பன்னிரண்டுக்கு 5.3 அளவு. அதே இடத்துக்குள் அதிக வட்டுகளை நெருக்கியடித்ததால் பிழைக்கு விட்டுக்கொடுக்கிற இடம் போய்விட்டது. தேய்வதிலும் அதே கதை. பழைய வகைச் செயின் 0.75 சதவீதம் நீளும் வரைக்கும் பொறுத்திருக்கலாம். புதியதை 0.5 இலேயே கழற்றாவிட்டால் விலை கூடிய வட்டுத் தொகுதியையும் அது சேர்த்துத் தின்றுவிடும். டொலர் 2022 இன் சில கிழமைகளுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் ஏறியதைக் கண்ட நாட்டில், ஒவ்வொரு தேய்மானச் சாமானும் இறக்குமதி என்பதை வாங்குவதற்கு முன்னரே கணக்கில் போட வேண்டும்.

டாம் வீதிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். புறக்கோட்டைச் சனத்துக்குள் அந்தக் கடைகளின் முன்னால் டயர்கள் தோரணம் கட்டியதுபோல் தொங்கும். பெரிய சைக்கிளுக்கு எது கேட்டாலும் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்துத் தருவார்கள்: கோன், கப், கொட்டர் பின், பெயரிங்குக்குள் உருளும் போல்ஸ். போல்ஸை எண்ணித்தான் தருவார்கள். முன் ஹப்புக்கு 3/16 அங்குலத்தில் பக்கத்துக்குப் பத்து, பின் ஹப்புக்குக் கால் அங்குலத்தில் பக்கத்துக்கு ஒன்பது. பாஸ் அதை மண்ணெண்ணெயில் கழுவி, கப்பில் கிறீஸ் பூசி ஒவ்வொன்றாக ஒட்டி வைத்து, கோனைத் திருகிக் கொஞ்சம் தளர்த்தி, சில்லைச் சுழற்றிவிட்டு அதன் சத்தத்தைக் கேட்பார். அரை மணித்தியால வேலை, சில்லு புதுசு. பன்னிரண்டு வட்டுச் சாமானைக் கேட்டால் அதே கடையில் “அது எங்களிட்ட வராது தம்பி” என்று சொல்லி, பெரிய கடையின் பெயரொன்றைச் சொல்வார்கள். உலகம் 26 அங்குலச் சில்லைக் கைவிட்டு 27.5க்கும் 29க்கும் போய்விட்டது என்கிறார்கள். டாம் வீதி அதைக் கைவிடவில்லை.

பழைய சாமான் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெடல் அச்சு உட்காரும் இடத்தின் மரை, இங்கிலாந்துச் சைக்கிள்களில் பொதுவாக அங்குலத்துக்கு 24. றலி கம்பனி மட்டும் 26 மரை வைத்துத் தன் வண்டிக்குத் தன் சாமானையே வாங்கவைத்தது. இன்றைய கம்பனிகள் செய்வதை அவர்கள் அப்போதே செய்துவிட்டார்கள். கொட்டர் பின்னும் அப்படியொன்றும் தங்கமான சாமான் இல்லை. பெடல் கையை அச்சோடு ஆப்பு மாதிரி அடித்து இறுக்கும் அந்தச் சின்ன இரும்பு, நாளாக நாளாகத் தேய்ந்து, உழக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று காலுக்குக் கீழே சொல்லும். கழற்றப் போனால் சுத்தியல் அடியில் தலை மழுங்கி உள்ளேயே இறுகிவிடும். இந்தப் பின் தேவையில்லாத சதுர அச்சு வந்தபோது சைக்கிள் உலகம் நிம்மதியாக மூச்சு விட்டது.

அந்த நிம்மதியைக் கெடுத்தது மரையே இல்லாமல் பிறேமுக்குள் அமத்தி ஏற்றும் பெயரிங். அமெரிக்கச் சைக்கிள் கம்பனி கனடேல் 2000 இல் தொடங்கிய வழி அது. பாரம் குறையும், கம்பனிக்குப் பொருத்துவதும் இலகு. ஓடுகிறவருக்குக் கிடைத்தது கிறீச் சத்தம். துளை இம்மியளவு பிசகினாலும் பெயரிங் அசைந்து கத்தும். கடைசியில் கம்பனிகள் பல திரும்பவும் மரைக்கே வந்துவிட்டன. ஆகவே கடையில் “இது பழைய வகை மரை” என்று யாராவது குறை சொன்னால், அதுதான் எனக்கு வேண்டும் என்று சொல்லுங்கள்.

சரி, வேகம்? இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்ற சாதனை. 1972 இல் பெல்ஜியப் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடினார். 1996 இல் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் கைகளை முன்னுக்கு நீட்டிப் படுத்த மாதிரியான நிலையில் 56.375 ஓடினார். பிறகு பந்தயச் சங்கம், மெர்க்ஸ் காலத்து மாதிரி வண்டியிலும் இருக்கையிலும்தான் ஓட வேண்டும் என்று விதியை மாற்றியது. 2000 இல் அதே போர்ட்மன் அப்படியே ஓடிப் பெற்றது 49.441. மெர்க்ஸை விடப் பத்து மீற்றர்! ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் போன இடம் செயினும் இல்லை, கியரும் இல்லை. நாலு வருசம் வயதும் ஏறியிருந்ததுதான்; ஆனாலும் பெரும்பங்கு காற்றை உடல் எப்படி வெட்டுகிறது என்பதில்தான் போயிற்று. மரைன் டிரைவில் தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும்போது நிமிர்ந்து இருந்து ஓட வைக்கும் பெரிய சைக்கிள் படுத்தும் பாட்டுக்கும் காரணம் அதுதான். காண்டிலைக் கொஞ்சம் பதித்து, சீற்றைக் கொஞ்சம் உயர்த்தினால் புதுச் சாமானுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு மிச்சம்.

பாரத்தைப் பற்றியும் அளவுக்கு மிஞ்சிப் பேசுகிறார்கள். ஆள் 65 கிலோ, பெரிய சைக்கிள் 20 கிலோ, மொத்தம் 85. பத்துக் கிலோ வண்டியில் 75. செங்குத்தாக ஏறும்போது வேலை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறையும். கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏறுகிறவருக்கு அது பெரிய விஷயம். கொழும்புக்குள் சமதரையில் புறப்படும்போதும் மாடிப்படியில் தூக்கும்போதும்தான் தெரியும். வெள்ளவத்தை மாடி வீடுகளில் லிப்ற் அடிக்கடி நிற்பதை நினைத்தால் அந்தத் தூக்குவதையும் லேசாக எடுக்க முடியாதுதான். ஒரு விஷயம் மட்டும் பாரத்திலும் வீண், காசிலும் வீண்: மலிவு வண்டிகளில் முன்னுக்கு வரும் ஸ்பிரிங் போர்க். கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ. காப்பற் போட்ட வீதியில் அது உங்கள் உழக்கலில் பங்கு கேட்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

லைற்றில் விவாதமே கிடையாது. டயரில் உரசி ஓடும் பழைய டைனமோ 6 வோல்ற், 3 வாற். முன் பல்பு 2.4, பின் பல்பு 0.6. சந்தியில் நின்றால் அணைந்துவிடும், அதாவது பின்னால் பஸ் வருகிற நேரத்தில். இன்றைக்கு ஒரு சாதாரண எல்.ஈ.டி. லைற் அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும், நின்றாலும் எரியும். எந்தப் பழைய வண்டியிலும் பூட்டலாம். இதைப் பூட்டாமல் “ஒறிஜினல்” என்று வைத்திருப்பது அலமாரிக்குச் சரி, பேஸ்லைன் வீதிக்குச் சரியில்லை.

டயரில் புதியது என்று வந்திருப்பது பாதி பழைய அறிவு. மெல்லிய டயரைக் கல்லு மாதிரிக் காற்றடித்தால்தான் வேகம் என்று நீண்ட காலம் நம்பினார்கள். 23 மில்லிமீற்றர்தான் நாகரிகம். இப்போது பந்தயக்காரரே 28, 30க்கு வந்துவிட்டார்கள். சொரசொரப்பான தெருவில் இறுகிய டயர் துள்ளித் துள்ளிச் சக்தியை வீணாக்குகிறது. ஆகவே அகலமான டயர், உள்ளே கெவ்லார் பட்டி வைத்தது: மூன்று வண்டிக்கும் இதுதான் நான் சொல்லுகிற முதல் செலவு. டியூப் இல்லாத டயர் வேண்டாம். ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் பால் இந்த வெக்கையில் சில மாதத்திலேயே காய்ந்துவிடும், பிறகு திரும்ப ஊற்ற வேண்டும். தெருவோரத்தில் ஒட்டுப்போடுகிறவருக்கு அந்த வேலை பழக்கமும் இல்லை. கார் டயருக்கு வருகிற வால்வ் உள்ள டியூபைப் போட்டால் பெற்றோல் செட்டிலேயே காற்றடிக்கலாம்.

கடற்காற்று எந்தக் காலத்து வண்டிக்கும் இரக்கம் காட்டாது. கடற்கரைப் பக்கம் வீடென்றால் இரும்பு பிறேம் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். அலுமினியத்துக்குத் துரு இல்லை, ஆனால் இரும்புக் குழாய்க்குள் அலுமினியச் சீற் தண்டை வருசக்கணக்கில் கழற்றாமல் விட்டால் இரண்டும் ஒன்றாய் இறுகிவிடும். காபன் பிறேமிலும் உப்புப் பட்ட அலுமினிய மூட்டுகள் அரிக்கும். வருசத்துக்கு ஒருமுறை தண்டைக் கழற்றிக் கிறீஸ் பூசி ஏற்றுங்கள்.

கம்பியில்லாமல் மின்சாரத்தில் மாறும் கியர் பந்தயக்காரர் சமாசாரம், நமக்குத் தேவையில்லை. மின்சைக்கிள் வேறு கணக்கு. ஆனால் 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை மறக்காதவர்கள் அதை ஒரே வண்டியாக நம்பி வாங்கத் தயங்குவார்கள். தயங்குவதில் நியாயமும் இருக்கிறது.

ஆகவே, அலுவலகத்துக்கும் கடைக்கும் நகரத்துக்குள் ஓடுகிறவருக்கு நான் சொல்வது நடுவில் உள்ள வண்டி. 26 அங்குலம், வி-பிறேக், மரை உள்ள சதுர அச்சு, எட்டு வட்டு, ஸ்பிரிங் இல்லாத போர்க். புது டயரும் நல்ல பிறேக் கட்டையும் எல்.ஈ.டி. லைற்றும் சேர்த்தால், மூன்றாவது வண்டி தருவதில் கொழும்புக்குத் தேவையான அனேகமானவை கையில். அப்பாவின் றலியை விட மனமில்லாதவர்கள் பிறேமையும் காண்டிலையும் வைத்துக்கொண்டு சில்லு இரண்டையும் அலுமினிய றிம்மில் கட்டச் சொல்லுங்கள்; அந்த அளவில் றிம் கிடைக்காவிட்டால் அதை மழையில்லாத ஞாயிறு காலைகளுக்கு மட்டும் வைத்திருங்கள், சுதந்திரச் சதுக்கம் பக்கம் ஓடுவதற்கு அதைவிட அழகான வண்டி இல்லை. கிழமைதோறும் அவிசாவளைப் பக்கமோ கண்டிப் பக்கமோ கூட்டத்தோடு ஓடுகிறவர்கள் புதியதையே வாங்குங்கள், இறக்கத்தில் ஹைட்ரோலிக் டிஸ்க் தன் விலையைக் காட்டும்.

அப்படிப் புதியது வாங்கினால், பின்பக்கக் கியரைத் தாங்கி நிற்கும் சின்ன அலுமினியத் துண்டில் இன்னொன்றை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். வண்டி வலப்பக்கம் சரிந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான். வளைவதற்கென்றே மெலிதாகச் செய்திருப்பது. மொடலுக்கு மொடல் அதன் வடிவம் வேறு, நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஸ்ராம் கம்பனி 2019 இல் எல்லா வண்டிக்கும் பொதுவான ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது. உங்கள் வண்டியில் அந்தப் பொது வடிவம் இல்லாவிட்டால், பிறகு டாம் வீதி முழுக்க ஏறி இறங்கினாலும் அதே துண்டு அகப்படுவது கஷ்டம்.